வீட்டுக்குத் தெரியாத பிள்ளை

பையன் கொஞ்சம் மக்கு என்றுதான் வீட்டில் நினைத்திருந்தார்கள். பள்ளியில் லத்தீன் பாடத்தில் தோற்றான். கல்லூரியிலும் மெதுவாகத்தான் நகர்ந்தான். சாப்பாட்டு நேரம் தவறினால் பொறுத்துக்கொள்ளாத வீடு அது. இவனோ மணி அடிக்கிற நேரத்துக்கு வியர்க்க விறுவிறுக்க ஓடி வந்து உட்காருவான். எங்கே சுற்றிவிட்டு வருகிறானோ என்று அம்மாவுக்கு எரிச்சல். பெரிய பத்திரிகை ஒன்றின் அதிபரான அப்பாவுக்கு வேறு கவலை. இவ்வளவு பெரிய நிர்வாகத்தை இவனை நம்பி எப்படி விட்டுப் போவது?

1925 ஜூலை 6 ஆம் தேதி அந்த வீட்டிலிருந்து அவனுடைய சவப்பெட்டி வெளியே வந்தது. பெரிய மனிதர் வீட்டுச் சாவு, பெரிய மனிதர்கள் வருவார்கள் என்று குடும்பத்துக்குத் தெரியும். வந்தார்கள். ஆனால் தெருவின் இரண்டு பக்கமும் ஆயிரக்கணக்கில் நின்ற மற்றவர்கள் யார்? ஒட்டுப்போட்ட சட்டைக்காரர்கள், கைக்குழந்தையோடு வந்த பெண்கள், நடக்க முடியாத கிழவர்கள். அவர்களில் ஒருவரையும் குடும்பத்துக்குத் தெரியாது. அந்த ஏழைகளுக்கும் அன்று ஒரு அதிர்ச்சி காத்திருந்தது. படியேறி வந்து மருந்தைக் கொடுத்துவிட்டுப் போன பையன் 'லா ஸ்தாம்பா' அதிபரின் மகன் என்று அவர்களில் பலருக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

பியர் ஜோர்ஜோ ஃப்ரசாத்தி. இத்தாலியின் தூரின் நகரத்துப் பிள்ளை. 1901 ஏப்ரல் 6 இல் பிறந்து 24 வயதில் போய்ச் சேர்ந்தவன். இப்போது புனிதர். 'அவர்' என்று எழுதவேண்டும் என்று தெரியும், கை வரவில்லை. என் மகன் வயது, அவன் என்றே எழுதிவிட்டுப் போகிறேன்.

2025 செப்டம்பர் 7, ஞாயிறு. திருத்தந்தை பதினான்காம் லியோ புனித பேதுரு சதுக்கத்தில் இரண்டு பேரைப் புனிதர்களாக அறிவித்தார். ஒருவர் கார்லோ அகுதிஸ், 15 வயதில் ரத்தப் புற்றுநோயால் இறந்த கணினிப் பையன். மற்றவன் இவன். எங்கள் கோவிலில் அன்று மறையுரையில் கார்லோவுக்குப் பத்து நிமிடம் கிடைத்தது. ஜீன்ஸ், இணையதளம், பிளே ஸ்டேஷன் எல்லாம் வந்தது. பியர் ஜோர்ஜோவுக்கு ஒரே வரி. மலையேறுவதில் ஆர்வமுள்ள, ஏழைகளுக்கு உதவிய செல்வந்தர் வீட்டு இளைஞர். அவ்வளவுதான். சாமியாரைக் குறை சொல்லவில்லை, நேரம் அவ்வளவுதான். கார்லோ மீதும் எனக்குப் பிரியம் உண்டு. ஆனால் அந்த ஒரு வரி இத்தனை மாதமாக என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. அந்த வரிக்குள் அடங்காத ஒருத்தனைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

தூரின் என்றால் நம்மூர்க்காரர்களுக்கு உடனே நினைவுக்கு வருவது டான் போஸ்கோ. அவருடைய சலேசிய சபையார் 1906 இல் தஞ்சாவூருக்கு வந்துதான் இந்தியாவில் முதல் காலடி வைத்தார்கள். தெருப்பிள்ளைகளுக்காக அவர் உழைத்த அதே நகரம்தான் அடுத்த தலைமுறையில் ஃபியட் கார் கம்பெனியின் நகரமாக மாறியது. கிராமங்களிலிருந்து கூலிவேலைக்கு வந்து குவிந்தவர்கள், முதல் உலகப் போரிலிருந்து கை கால் இழந்து திரும்பியவர்கள், வேலை இல்லாதவர்கள். 1920 செப்டம்பரில் தொழிலாளர்கள் ஆலைகளையே கைப்பற்றி உட்கார்ந்தார்கள். மார்க்சியச் சிந்தனையாளர் அந்தோனியோ கிராம்சி பத்திரிகை நடத்திக்கொண்டிருந்ததும் இந்த ஊரில்தான். இந்தப் பின்னணி தெரியாவிட்டால் பியர் ஜோர்ஜோவை வெறும் இரக்கசாலிப் பணக்காரப் பையனாகத்தான் பார்ப்போம்.

அப்பா அல்ஃப்ரேதோ ஃப்ரசாத்தி சாதாரண ஆள் இல்லை. லா ஸ்தாம்பாவை நாட்டின் முக்கியப் பத்திரிகைகளில் ஒன்றாக வளர்த்தவர். 1913 இல் செனட்டர். பிறகு ஜெர்மனிக்கு இத்தாலியத் தூதர். 1922 இல் முசோலினி ஆட்சிக்கு வந்ததும் தூதர் பதவியை உதறிவிட்டு ஊர் திரும்பினார். நேர்மையான மனிதர், ஆனால் கடவுள் காரியத்தில் ஒட்டாதவர். அம்மா அதெலாய்தே ஓவியர். அவர் கோவிலுக்குப் போவார், ஒழுங்குக்காகப் போவது மாதிரி. கணவன் மனைவிக்குள் ஒத்துப்போகவில்லை. வீட்டில் வசதி இருந்தது, சிரிப்புக் குறைவு. பிள்ளைகள் இரண்டு பேர், இவனும் ஒரு வயது இளைய தங்கை லுச்சியானாவும். அண்ணனும் தங்கையும் ஒருவருக்கொருவர் துணையாக வளர்ந்தார்கள்.

இப்படிப்பட்ட வீட்டில் இவனுக்கு மட்டும் பக்தி எங்கிருந்து வந்தது? எனக்குச் சரியான பதில் கிடைக்கவில்லை. லத்தீனில் தோற்ற பிறகு இயேசு சபையார் பள்ளிக்கு அனுப்பினார்கள். அங்கேதான் தினமும் நற்கருணை வாங்கும் பழக்கம் வந்தது. அந்தக் காலத்தில் இது அபூர்வம். அம்மா பயந்துபோனார். பையன் சாமியாராகிவிடுவானோ? நம்மூர் அம்மாக்களில் பாதிப் பேர் இந்தப் பயத்துக்காக ஏங்குவார்கள், அந்த அம்மா தடுக்கப் பார்த்தார். இரவில் கட்டிலருகே முழங்காலில் நின்று செபமாலை சொல்லிக்கொண்டே தூங்கிப்போவானாம். வீட்டில் அதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார்கள்.

அவன் சாமியாராகவில்லை. தூரின் பாலிடெக்னிக்கில் சுரங்கப் பொறியியல் எடுத்தான். ஏன் சுரங்கம்? சுரங்கத் தொழிலாளிதான் எல்லாரிலும் அதிகம் வதைபடுகிறவன், அவனோடு இருக்கவேண்டும் என்பது இவனுடைய கணக்கு. குருவானவரானால் மக்களோடு இவ்வளவு ஒட்டிப் புழங்க முடியாது என்று நினைத்தான். படிப்பு வராத பையன் கடினமான பொறியியலை எடுத்து ஒவ்வொரு தேர்வாக முக்கி முனகித் தாண்டியதற்குப் பின்னால் இருந்தது இதுதான். வீட்டில் யாருக்கும் இது புரிந்த மாதிரித் தெரியவில்லை.

1918 இல், 17 வயதில், வின்சென்ட் தே பவுல் சபையில் சேர்ந்தான். நம்முடைய பங்குகளில் இந்தச் சபையை எல்லாருக்கும் தெரியும். ஞாயிறு பூசை முடிந்து மண்டபத்தின் ஓரத்தில் ஏழெட்டுப் பேர் கூடி உட்கார்ந்து, கணக்கு நோட்டைத் திறந்து, எந்த விதவைக்கு அரிசி, எந்தப் பிள்ளைக்குப் பள்ளிக் கட்டணம் என்று பேசிக்கொண்டிருப்பார்களே, அவர்கள்தான். பெரும்பாலும் ஓய்வுபெற்ற வாத்தியார்கள், வங்கி மேலாளர்கள். நான் பார்த்தவரை முப்பது வயதுக்குக் கீழே ஒருத்தரும் இருப்பதில்லை. ஆனால் இந்தச் சபையைத் தொடங்கியவர்களே பிள்ளைகள்தான். 1833 இல் பாரிசில் ஃபிரெடெரிக் ஓசானாம் நண்பர்களோடு சேர்ந்து இதை ஆரம்பித்தபோது அவருக்கு 20 வயது, கல்லூரி மாணவர். சபையின் விதி எளிது. ஏழையைக் கோவிலுக்கு வரச்சொல்லி வரிசையில் நிற்க வைக்கக்கூடாது, நீ அவன் வீட்டுக்குப் போகவேண்டும்.

இவன் போனான். தூரினின் இருட்டுப் பிடித்த அடுக்குக் குடியிருப்புகளில் படிப்படியாய் ஏறி இறங்கினான். ஒரு நண்பன் கேட்டிருக்கிறான், அந்த நாற்றத்தையும் அழுக்கையும் எப்படித் தாங்குகிறாய் என்று. ஆண்டவர் தினமும் காலையில் நற்கருணையில் என்னைப் பார்க்க வருகிறார், நான் என் பங்குக்கு ஏழைகளிடம் போய் அவரைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்ற பொருளில் இவன் பதில் சொன்னான். பெரிய இறையியலாளர்கள் புத்தகம் எழுதிச் சொல்வதை இவன் வீடு தேடிப் போய்த் திரும்ப வரும் மரியாதையாகச் சொல்லிவிட்டான். நம் ஊரில் இதைப் புரிந்துகொள்ள யாருக்கும் விளக்கம் தேவையில்லை. ஒருத்தர் நம் வீட்டுக்கு வந்தால் நாம் அவர் வீட்டுக்குப் போகவேண்டும்தானே?

சாப்பாட்டுக்கு ஓடி வந்த காரணமும் இதுதான். டிராம் கட்டணத்துக்குக் கொடுத்த காசு யாரோ ஒருவர் கைக்குப் போயிருக்கும், இவன் நடந்தும் ஓடியும் வந்து சேர்வான். ரயிலில் ஏன் மூன்றாம் வகுப்பில் போகிறாய் என்று கேட்டால் நான்காம் வகுப்பு இல்லாததால் என்பான். அப்பா தூதராக இருந்த நாட்களில் பெர்லினின் கடுங்குளிரில் மேல்கோட்டைக் கழற்றி ஒரு கிழவனுக்குக் கொடுத்துவிட்டு வந்து திட்டு வாங்கினான். அப்பா, அவருக்குக் குளிர்ந்தது என்பதுதான் பதில்.

இந்தக் கதைகள் அழகாக இருக்கின்றன. ஆனால் கோட்டைக் கழற்றிக் கொடுப்பது ஒரு நிமிட வேலை, அந்த நிமிடத்து உணர்ச்சி செய்ய வைத்துவிடும். என்னை அசைப்பது வேறு. ஒருவனுக்கு வேலை வாங்கிக் கொடுக்க யார் யாரையோ பார்த்து நடையாய் நடந்தான். அடகுக் கடையில் இருக்கும் பொருள் முழுகிவிடாமல் தவணை தவறாமல் சீட்டைப் புதுப்பித்தான். யாருக்கு எந்த ஊசி மருந்து, யார் வீட்டு வாடகை பாக்கி என்று ஞாபகம் வைத்திருந்தான். சலிப்பூட்டும் வேலை. புகைப்படம் எடுக்க முடியாத வேலை. வருடக்கணக்கில் செய்தான், வீட்டில் மூச்சு விடவில்லை.

இனிமேல்தான் மறையுரைகளில் வராத பகுதி.

1920 இல் அவன் இத்தாலிய மக்கள் கட்சியில் சேர்ந்தான். லூயிஜி ஸ்துர்ட்சோ என்ற குருவானவர் தொடங்கிய கட்சி. அப்பாவின் பத்திரிகை நின்ற தாராளவாத அணியிலிருந்து இது தள்ளி நின்றது. சோசலிஸ்டுகளுக்கும் பாசிஸ்டுகளுக்கும் நடுவே, நிலமில்லாதவனுக்கு நிலம், தொழிலாளிக்குச் சங்கம் என்று பேசிய கட்சி. தர்மம் கொடுத்தால் மட்டும் போதாது, சமுதாயத்தைச் சீர்திருத்தவேண்டும் என்பது இவனுடைய நிலைப்பாடு. அடகுச் சீட்டைப் புதுப்பிக்கும்போதே அடகு வைக்கவேண்டிய நிலை ஏன் வந்தது என்றும் கேட்டவன். மறையுரையின் அந்த ஒரு வரியில் விடுபட்டுப்போனது இந்தக் கேள்விதான்.

1921 இல் ரோமில் கத்தோலிக்க இளைஞர் ஊர்வலம். போலீஸ் பாய்ந்து கொடியைப் பிடுங்கப் பார்த்தது. இவன் கொடிக்கம்பத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு விடவில்லை. கைதானான். அப்பா பெயர் என்ன என்று கேட்டார்கள், சொன்னான். தூதரின் மகன் என்று தெரிந்ததும் அதிகாரிக்குக் குரல் மாறிவிட்டது, நீங்கள் போகலாம் என்றார். மற்றவர்களையும் விடுங்கள், அப்புறம் போகிறேன் என்று உட்கார்ந்துவிட்டான். அப்பாவின் பெயரைப் பயன்படுத்தித் தப்பிக்கும் வாய்ப்பை வேண்டாம் என்று சொல்லும் பிள்ளைகளை நம் அரசியலில் தேடிப் பாருங்கள்.

1923 இல் முசோலினி தூரினுக்கு வந்தார். கத்தோலிக்க மாணவர் மன்றம் அவரை வரவேற்றுக் கொடி தொங்கவிட்டது. பியர் ஜோர்ஜோவுக்கு ரத்தம் கொதித்தது. மன்றத்துக்கு ராஜினாமா எழுதிக் கொடுத்தான். அப்போது முசோலினியோடு அனுசரித்துப் போகலாம் என்று நினைத்த கத்தோலிக்கர்கள், குருக்கள் உட்பட, ஏராளம். 22 வயதுப் பையனுக்குத் தெளிவாகத் தெரிந்தது அவர்களுக்குத் தெரியவில்லை. பாசிசத்தோடு ஒத்துப்போவதைக் கோழைத்தனமாகப் பார்த்தான், மறைக்காமல் சொன்னான்.

1924 ஜூனில் மத்தேயோத்தி என்ற சோசலிச எம்பியைப் பாசிஸ்டுகள் கடத்திக் கொன்றார்கள். நாடே கொந்தளித்தது. அதே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இவனும் அம்மாவும் மதியச் சாப்பாட்டில் இருந்தபோது, பாசிஸ்டுக் கூலிப்படை ஒன்று வீட்டுக்குள் புகுந்து கண்ணாடிகளை உடைத்தது. அடியாட்களில் ஒருவனோடு பியர் ஜோர்ஜோ நேருக்கு நேர் மல்லுக்கு நின்று, கையிலிருந்த தடியைப் பிடுங்கித் துரத்தினான். நம் பங்குகளில் வைக்கப்போகும் அவன் சுரூபத்தில் பூச்செண்டு இருக்குமா, செபமாலை இருக்குமா தெரியாது. அந்தத் தடி இருக்காது என்று மட்டும் அடித்துச் சொல்வேன்.

உம்மணாமூஞ்சி என்று நினைத்துவிடாதீர்கள். பயங்கர வாலு. சுருட்டு, பைப் இரண்டும் பிடிப்பான். குரல் தண்டவாளத்தில் கல்லைப் போட்ட மாதிரி, ஆனால் கோவிலில் எல்லாரையும் விட உரக்கப் பாடுவான். 1924 மே மாதம் நண்பர்களோடு ஒரு சங்கம் ஆரம்பித்தான், பெயர் 'திப்பி லோஸ்கி'. சந்தேகத்துக்கிடமான ஆசாமிகள் சங்கம் என்று வைத்துக்கொள்ளலாம். ஆளுக்கொரு பட்டப்பெயர், இவனுக்குப் பிரெஞ்சுப் புரட்சித் தலைவர் ரோபெஸ்பியரின் பெயர். போலி அரசாணைகள், கேலிக் கடிதங்கள், மெத்தைக்குள் எதையாவது வைத்துத் தூங்கவிடாமல் அடிக்கும் கூத்துகள். ஆண்களும் பெண்களுமாகச் சேர்ந்து ஆல்ப்ஸ் மலைக்குப் போவார்கள். போகிற வழியில் பூசை கட்டாயம். பில்லியர்ட்ஸ் ஆடினால் பந்தயம் உண்டு. நண்பன் ஜெயித்தால் இவன் காசு கொடுக்கவேண்டும், இவன் ஜெயித்தால் நண்பன் நற்கருணை ஆராதனைக்கு வரவேண்டும். காசுக்கு ஆசைப்பட்டு ஆடி, கோவிலில் போய் முழங்காலிட்டவர்கள் பலர்.

அந்தக் குழுவில் ஒரு பெண் மீது இவனுக்குக் காதல். அவளிடம் சொல்லவில்லை. தன் வீட்டில் ஏற்றுக்கொள்ள மாட்டார்கள் என்று தெரியும். அப்பா அம்மா பிரிவதற்குத் தயாராக இருந்த நேரம் அது. ஒரு குடும்பத்தை உருவாக்க இன்னொரு குடும்பத்தை உடைப்பதா என்று யோசித்து, அந்த ஆசையை மனதுக்குள்ளேயே புதைத்தான். இதை எப்படி எடுத்துக்கொள்வது என்று எனக்கு இன்னும் குழப்பம்தான். பெற்றோரின் சண்டைக்குப் பிள்ளை ஏன் விலை கொடுக்கவேண்டும்? தியாகம் என்று கைதட்ட மனம் வரவில்லை. அந்த நாட்களில் நண்பர்களுக்கு எழுதிய கடிதங்களில் அவன் உள்ளுக்குள் எவ்வளவு போராடினான் என்பது தெரிகிறது. அவ்வளவு வலித்திருக்கிறது.

1925 ஜனவரியில் தங்கைக்குக் கல்யாணம், மாப்பிள்ளை போலந்து நாட்டுத் தூதரக அதிகாரி. ரயில் நிலையத்தில் அவளை வழியனுப்பும்போது இவன் தேம்பித் தேம்பி அழுதான். அதற்குப் பிறகு வீட்டில் அவனைப் புரிந்தவர் யாரும் இல்லை. ஜூன் மாதம், பட்டத்துக்கு இரண்டே தேர்வுகள் பாக்கி இருக்கையில், அப்பா இன்னொருவர் மூலம் சொல்லியனுப்பினார். படிப்பு முடிந்ததும் பத்திரிகை நிர்வாகத்துக்கு வந்துவிடவேண்டும். நேரில் சொல்லவில்லை பாருங்கள். அப்பாவுக்கு அது சந்தோஷம் தருமா என்று கேட்டான். தரும் என்றார்கள். சரி என்றுவிட்டான். அத்தனை வருடம் கண்ட சுரங்கக் கனவு அந்த ஒரு சொல்லோடு போயிற்று.

ஜூன் 7 ஆம் தேதி அவன் கடைசியாக மலையேறினான். பாறையில் தொற்றிக்கொண்டு மேலே பார்க்கும் அந்தப் படம்தான் இன்று டி-ஷர்ட்டிலும் கோப்பையிலும் வருகிறது. அதன்மேல் அவன் கைப்பட 'உயரத்தை நோக்கி' என்ற பொருளில் இரண்டு இத்தாலியச் சொற்கள் எழுதியிருக்கிறான்.

அந்த மாதக் கடைசியில் வீட்டில் பாட்டி சாகக் கிடந்தார். எல்லாருடைய கவனமும் அங்கே. ஜூன் 30 இல் இவனுக்குத் தலைவலி, உடம்பு வலி. யாரையும் தொந்தரவு செய்யவேண்டாம் என்று சொல்லாமல் இருந்தான். இரவில் பாட்டியின் அறைக்குப் போகும் வழியில் கால் மடங்கி விழுந்தான், எழுந்தான், மறுபடி விழுந்தான். ஜூலை 1 இல் பாட்டி இறந்தார். பெரிய காரியம் நடக்கும்போதுகூட இவன் உதவிக்கு இல்லாமல் படுத்துக் கிடக்கிறானே என்று அம்மாவுக்கு ஆதங்கம், வாய்விட்டும் சொல்லிவிட்டார். அவனால் எழ முடியவில்லை என்பது புரிந்தபோது போலியோ பாதி உடம்பை எடுத்துக்கொண்டிருந்தது. அவன் போய் வந்த வீடுகளில் ஒன்றிலிருந்துதான் நோய் தொற்றியிருக்கும் என்று நினைத்தார்கள்.

ஜூலை 3, வெள்ளிக்கிழமை. சபையார் ஏழைகளைப் பார்க்கப் போகும் நாள். செயலிழந்துகொண்டிருந்த கையால், கோணல்மாணலாக, வின்சென்ட் சபை நண்பர் ஒருவருக்கு ஒரு சீட்டு எழுதினான். இன்னாருக்கு இந்த ஊசி மருந்து, இன்னாருடைய அடகுச் சீட்டு இது, மறந்துவிட்டேன், என் கணக்கில் புதுப்பித்துவிடு. அவ்வளவுதான் விஷயம். விடைபெறுதல் இல்லை, ஞானவாக்கு இல்லை, ஆண்டவரைப் பற்றிக்கூட இல்லை. அவன் எழுதியவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது இந்தச் சீட்டுதான். மறுநாள் மாலை ஏழு மணிக்கு உயிர் பிரிந்தது.

பிறகு தெருவில் நடந்ததைத்தான் முதலிலேயே சொல்லிவிட்டேனே. அப்பா அல்ஃப்ரேதோ தன் மகனை அந்தக் கூட்டத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார். பெற்றோர் பிரியவில்லை. அடுத்த வருடம் பாசிச நெருக்கடியில் பத்திரிகையும் கையைவிட்டுப் போனது. 1961 வரை வாழ்ந்த அவர் தன் கடைசிக் காலத்தில் கடவுளிடம் திரும்பினார் என்று சொல்கிறார்கள். கடவுள் நம்பிக்கையே இல்லாத சோசலிசத் தலைவர் ஃபிலிப்போ துராத்தி அந்தப் பையனின் சாவுக்கு மரியாதையோடு எழுதினார். எதிரணிக்காரர் பாராட்டுக்கு இருக்கும் கனம் நம் ஆட்களின் பாராட்டுக்கு இல்லை.

அப்புறம் ஏன் புனிதராக நூறு வருடம்? 1932 இல் தூரினில் விசாரணை தொடங்கிவிட்டது, ஏழைகளே கேட்டுக்கொண்டார்கள். 1940களின் தொடக்கத்தில் நிறுத்திவைத்தார்கள். காரணம், பெண்களோடு சேர்ந்து மலைக்குப் போனான், இரவு தங்கினான் என்ற புரளி. யாரோ வாயில் வந்ததைச் சொல்ல, ஒரு தலைமுறைக் காலம் அவன் பெயர் அலமாரியில் கிடந்தது. இந்தப் புரளி பேசும் வாய்களுக்கு ஊர், நாடு வித்தியாசமே கிடையாது.

விடாமல் நின்றவர் தங்கை லுச்சியானா. போர்க்காலத்தில் நாஜிகள் பிடியிலிருந்த போலந்தில் பலரைக் காப்பாற்றிய துணிச்சல்காரி. அண்ணனைத் தெரிந்தவர்களைத் தேடித் தேடிச் சாட்சியம் சேர்த்தார், புத்தகங்கள் எழுதினார். ஒரு புத்தகத்துக்கு முன்னுரை எழுதியவர் புகழ்பெற்ற இறையியலாளர் கார்ல் ரானர். ஜெர்மனியில் ரானரின் வீட்டில் பியர் ஜோர்ஜோ தங்கியிருக்கிறான், அப்போது அவர் இளைஞர். 1978 இல் விசாரணையை மறுபடி திறந்தவர் திருத்தந்தை ஆறாம் பவுல். பியர் ஜோர்ஜோ இருந்த அதே கத்தோலிக்க மாணவர் கூட்டமைப்புக்கு, அவன் இறந்த 1925 ஆம் ஆண்டில் ஆன்மிக வழிகாட்டியாக வந்தவர் அவர். 1990 மே 20 இல் இரண்டாம் ஜான் பால் அவனை அருளாளராக உயர்த்தினார். எட்டு மலைப்பொழிவுப் பேறுகளின் மனிதன் என்று அவர் அவனைச் சொன்னது பரவலாகத் தெரியும். அவரும் மலையேறுபவர், ஈர்ப்பு இல்லாமல் இருக்குமா. லுச்சியானா 105 வயது வரை வாழ்ந்து 2007 இல் இறந்தார். அண்ணன் புனிதரானதைப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை.

இப்போது அவன் உடல் தூரின் பேராலயத்தில் இருக்கிறது. 2008 இல் சிட்னியில் உலக இளையோர் தினம் நடந்தபோது சவப்பெட்டியை அங்கே கொண்டுபோனார்கள். நம் பக்கத்திலும் இனி அவன் பெயரில் இளைஞர் மன்றங்கள் வரும், கிரிக்கெட் கோப்பை வரும், மலைச் சுற்றுலா வரும். வரட்டும், அவனும் ரசித்திருப்பான். ஆனால் மலையை மட்டும் எடுத்துக்கொண்டு, படியேறி இறங்கிய குடியிருப்புகளையும் கட்சிச் சீட்டையும் பிடுங்கிய தடியையும் விட்டுவிட்டால் அவனைப் பாதிதான் நாம் தெரிந்துவைத்திருப்போம். அவன் வீட்டார் தெரிந்துவைத்திருந்த அளவுக்கு.

அவனுடைய திருநாள் ஜூலை 4. அதற்குள் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் பங்கில் வின்சென்ட் தே பவுல் சபை எந்தக் கிழமை, எத்தனை மணிக்குக் கூடுகிறது என்று இந்த ஞாயிறு பூசை முடிந்ததும் விசாரியுங்கள். வீட்டில் கல்லூரி படிக்கும் பிள்ளை இருந்தால் அவனையோ அவளையோ ஒரு முறை கூட்டிக்கொண்டு போய் அந்தப் பெரியவர்களோடு உட்கார வையுங்கள். நோட்டைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏற அவர்களுக்கு ஆள் வேண்டும்.